குப்பம்மாள் என்றொரு பெயர்

பேத்திக்கு மறுநாள் பெயர் சூட்டு விழா. வீட்டில் எல்லோர் கையிலும் செல்போன். குழந்தை ரோகிணி நட்சத்திரம் என்பதால் ஓ, வ, வி, வு ஆகிய எழுத்துகளில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் ஜோசியர். "எங்கேயாவது ஒரு 'ஷ்' வந்தா ஸ்டைலா இருக்கும்" என்கிறாள் அத்தை. "கூட்டினா அஞ்சு வரணும்" என்கிறார் சித்தப்பா.

"எங்கம்மா பேரை வைக்கலாமே" என்று தாத்தா மெதுவாகச் சொன்னதும் வீடே சிரித்துவிட்டது. அந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயர் குப்பம்மாள்.

பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க மாமியாருக்கு முன்னாடி பிறந்த மூணு பிள்ளையும் தங்கல. நாலாவதா இவங்க பிறந்ததும் குப்பையில புரட்டி எடுத்து இந்தப் பேரை வெச்சாங்களாம். குப்பைதானேன்னு எமன் விட்டுட்டுப் போயிடுவான்னு ஒரு நம்பிக்கை."

சிரிப்பு நின்றது.

குப்புசாமி, பிச்சை என்று அந்தக் காலத்தில் பெயர் வைத்ததற்குப் பின்னால் பல வீடுகளில் இப்படி ஒரு பயம் இருந்தது. பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கிய தாய்மார்களும் உண்டு. காதுக்கு இனிமையாக இல்லாவிட்டாலும், பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு அந்தப் பெயர்களில் இருந்தது. இன்று கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையின் பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. சுமப்பவர் உயர்ந்தால் பெயரும் உயர்ந்துவிடுகிறது.

உண்மையில் உறுத்த வேண்டிய பெயர்கள் வேறு. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்குப் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் வைத்த பெயர்கள். மகாராஷ்டிரத்திலும் 'வேண்டாதவள்' என்ற பொருளில் 'நகுஷா' என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. 2011இல் சதாரா மாவட்டத்தில் அந்தப் பெயரைச் சுமந்த 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். தன்னை யாரும் விரும்பவில்லை என்பதை, ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

"அப்போ குப்பம்மாள்னே வைக்கட்டுமா அத்தை?" என்று கேட்டாள் குழந்தையின் தாய்.

"வேணாம்மா, பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க. நீ ஆசைப்பட்ட பேரையே வை."

மறுநாள் 'வ'வில் தொடங்கும் ஓர் அழகான பெயரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார்கள். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, தாத்தா மட்டும் தொட்டிலருகே குனிந்து இன்னொரு பெயரையும் ஒரு முறை சொல்லிவிட்டு வந்தார்.