ஆயில் சீல் மாற்றினால் போதுமா?

சிறுதுளி பெருவெள்ளம் என்பர் நம் முன்னோர். சேமிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் போதிக்க நாம் அப்பழமொழியை எடுத்தாளுகிறோம். ஆயின், சேமிப்புக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இழப்புக்கும் அது பொருந்தும். ஓர் இயந்திரத்தின் அடியில் நாளொன்றுக்கு நான்கைந்து துளி எண்ணெய் சொட்டுகிறது. "இது ஒரு பெரிய காரியமா?" என்று விட்டுவிடுகிறோம். மாதங்கள் சென்று, உள்ளே பற்சக்கரங்கள் வறண்டு ஒன்றையொன்று அரைக்கும் ஓசை கேட்கும்போதுதான் அத்துளிகளின் கணக்கு நமக்குப் புலனாகிறது. அப்படிப்பட்ட சொட்டு ஒன்றை நிறுத்த ஒரு முதியவர் மேற்கொண்ட முயற்சியை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதில் கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நான் பணியாற்றும் பங்கு, அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில், அதன் வட எல்லையை ஒட்டிய நாட்டுப்புறத்தில் உள்ளது. கோவிலுக்குப் பின்னால் ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பில் கல்லறைத் தோட்டம் விரிந்து கிடக்கிறது. பனி உருகி வசந்தம் பிறந்தது முதல் இலையுதிர் காலம் வரை அங்கே புல்லை வாரந்தோறும் வெட்டியாக வேண்டும். பல்லாண்டுகளாக அப்பணியைச் செய்து வருவது ஒரு பழைய தோட்ட டிராக்டர்.

தோட்ட டிராக்டர் என்பது நம் வயல்களில் காணும் டிராக்டரின் குட்டி எனலாம். ஒருவர் அமர்ந்து ஓட்டுவார். அடிவயிற்றில் புல்வெட்டும் தகடுகள் சுழலும். வேண்டும்போது சிறு கலப்பையையோ, பனி தள்ளும் பலகையையோ அதில் மாட்டிக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களைச் சுற்றி ஓர் ஏக்கர், அரை ஏக்கர் நிலத்தோடு வீடுகள் பெருகியபோது இவ்வகை வண்டிகளுக்குத் தேவை எழுந்தது. எங்கள் பகுதியைச் சார்ந்த சௌத் பெண்ட் நகரில் எல்மர் பாண்ட் என்பவரும் அவர் மகன் செசில் பாண்டும் 1946-இல் தொடங்கிய தொழிலே பின்னர் 'வீல் ஹார்ஸ்' என்னும் பெயரால் புகழ்பெற்றது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் 'கப் கேடட்' வண்டியையும், ஜான் டீர் நிறுவனம் 1963-இல் தன் '110' என்னும் வண்டியையும் சந்தைக்குக் கொணர்ந்தன. வீல் ஹார்ஸ் நிறுவனத்தை 1986-இல் டோரோ நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2007-க்குப் பின் அப்பெயரில் புது வண்டி எதுவும் வரவில்லை. ஆயினும் தடித்த வார்ப்பிரும்பால் அமைந்த அக்காலத்து வண்டிகள் இன்றும் எத்தனையோ கொட்டகைகளில் உயிரோடிருக்கின்றன. எங்கள் வண்டியும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே.

2022-ஆம் ஆண்டு வேனிலில் அதன் பின்சக்கரங்கள் இரண்டின் உட்புறமும் எண்ணெயால் கறுத்திருந்தன. சக்கரத்தைத் தாங்கும் ஆக்சில், கியர் பெட்டியை விட்டு வெளிவரும் இடத்தில் கசிவு. முந்தைய ஆண்டுகளில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் இருமுறை புது ஆயில் சீல் போட்டுத் தந்திருந்தனர். இரு முறையும் சில வாரங்களில் சொட்டு மீண்டும் தலைகாட்டியது. வண்டி திரும்பும் இடங்களிலெல்லாம் புல் பழுத்துக் கருகிற்று. கணவரை அடக்கம் செய்து ஓராண்டும் நிறைவுறாத ஒரு மூதாட்டி, அக்கல்லறையின் வெண்ணிற அடிக்கல்லில் படிந்த கறுப்புத் துளிகளை எனக்குக் காட்டினார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். கறை பரவிற்றேயன்றிப் போகவில்லை.

நிதிக்குழு கூடியது. பழைய இரும்புக்கு வண்டியைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. அதற்குப் பல ஆயிரம் டாலர் வேண்டும். கோவில் கூரைக்கென்று ஒதுக்கிய பணத்தில்தான் கைவைக்க வேண்டும். அப்போது எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர் எழுந்தார். இளமையில் சௌத் பெண்ட் நகரின் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலையில் வேலை பழகியவர் அவர். 1963 டிசம்பரில் அங்கே உற்பத்தி நிறுத்தப்பட்டபின் வேளாண் கருவிகளைப் பழுதுபார்த்தே குடும்பத்தைக் காத்தவர். "சீல் கெட்டதால் எண்ணெய் ஒழுகுகிறது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். சீல் ஏன் கெட்டது என்று ஒருவரும் கேட்கவில்லையே, ஃபாதர்! இரண்டு வாரம் தவணை கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். கைநடுக்கம் காரணமாகத் தமக்கு உதவியாள் ஒருவர் வேண்டும் என்றார். மாலை வேளைகளில் அப்பணி என்னுடையதாயிற்று.

ஆயில் சீல் என்பது எளிய பொருள். வெளியே ஓர் எஃகு வளையம். அதனுள் ரப்பரால் ஆன மெல்லிய உதடு. அவ்வுதட்டைச் சுற்றி, மயிரிழை போன்ற கம்பியைச் சுருட்டி வட்டமாக இணைத்த ஒரு ஸ்பிரிங். எஃகு வளையம் கியர் பெட்டியின் குழியில் இறுக்கமாக அமரும். ரப்பர் உதடு, சுழலும் ஆக்சிலை மெல்லத் தழுவி நிற்கும். கண்ணுக்குப் புலப்படாத ஓர் எண்ணெய்ப் படலம் இரண்டுக்கும் இடையே நின்று உதடு தேயாமல் காக்கும். எண்ணெயை உள்ளே நிறுத்துவதோடு, தூசியையும் நீரையும் வெளியே நிறுத்துவதும் சீலின் கடமையே.

பெரியவர் முதலில் திருப்புளியைத் தொடவில்லை. மண்ணெண்ணெயையும் தூரிகையையும் எடுத்தார். பல்லாண்டு அழுக்கையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டு, அரைமணி நேரம் வண்டியை ஓட்டச் செய்தார். பின்னர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் கியர் பெட்டியின் இணைப்பில் வருகிறதா, ஆக்சிலைச் சுற்றி வருகிறதா என்பதைத் தெளிந்த பின்னரே கருவிப்பெட்டி திறந்தது. அழுக்கோடு பார்த்தால் எல்லா இடமும் கசிவதுபோலவே தோன்றும் என்றார்.

வண்டியை ஜாக்கியால் தூக்கி, தடித்த மரக்கட்டைகளின்மேல் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்க் கையை நீட்டலாகாது என்பது அவர் விதி. சக்கரத்தைக் கழற்றியபின் ஹப் எனப்படும் நடுக்குடம் எதிர்ப்பட்டது. அது ஆக்சிலில் ஒரு சிறு சாவிக்கட்டையாலும் செட் ஸ்குருவாலும் பிணைக்கப்பட்டிருக்கும். துரு அதை ஆக்சிலோடு ஒன்றாகவே பற்றவைத்தது போலிருந்தது. அவசரக்காரர் பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்திருப்பார். அப்படி அடித்தால் ஆக்சிலின் முனை காளான்போல் விரிந்துவிடும். உள்ளே இருக்கும் பற்சக்கரங்களும் அடிபடும். பெரியவர் துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் புல்லரை மாட்டி இறுக்கி, குடத்தைச் சற்றே சூடாக்கி, பக்கவாட்டில் மெல்லத் தட்டினார். 'டக்' என்ற ஓசையுடன் அது நகர்ந்தபோது அவர் முகத்தில் எழுந்த மலர்ச்சியை நான் எளிதில் மறவேன்.

பழைய சீலினை எடுக்கும் முறையும் எளியதே. அதன் எஃகு முகத்தில் சிறு துளையிட்டு, ஒரு திருகாணியை முறுக்கி, குறட்டால் பற்றி இழுத்தார். ஆக்சிலின்மேல் ஒரு கீறலும் விழாதபடி துளையிடுவதே அதில் திறமை. வெளிவந்த சீல் ஓராண்டும் பழகாதது. உதடு மென்மையாகவே இருந்தது. "பாருங்கள், இவன் குற்றவாளி அல்லன்" என்றார்.

பின்னர் அவர் மூன்று காரியங்களைச் சோதித்தார். முதலாவது, ஆக்சிலின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் எந்தச் சீலாலும் ஆக்சிலோடு ஒட்டி நிற்க இயலாது. கியர் பெட்டியையே பிரித்தாக வேண்டும். நல்லவேளையாக ஆட்டம் இல்லை.

இரண்டாவது, சீலின் உதடு தழுவும் இடத்தை எமரித்தாளால் மெருகேற்றிவிட்டு, விரல் நகத்தால் வருடச் சொன்னார். வலப்பக்க ஆக்சிலில் என் நகம் ஒரு பள்ளத்தில் தடுக்கிற்று. ரப்பர் எஃகைத் தேய்க்குமா என்று வியந்தேன். ரப்பரோடு ஒட்டிக்கொண்ட மணல்தான் உப்புத்தாள்போல் ஆண்டுக்கணக்கில் ஆக்சிலை அராவுகிறது என்று விளக்கினார். அப்பள்ளத்தின் மேலேயே புதுச் சீலும் அமர்ந்தால் எண்ணெய்க்கு வழி திறந்தே கிடக்கும்.

மூன்றாவதே முதன்மையானது. கியர் பெட்டிக்கு மூச்சுவிட ஒரு துளை வேண்டும். ஓட ஓட எண்ணெய் சூடேறும். உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேற வழியில்லையேல் அழுத்தம் பெருகி, சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு எண்ணெய் வெளிவரும். வண்டி குளிரும்போதோ காற்று சுருங்கி, அதே வழியாகத் தூசியையும் ஈரத்தையும் உள்ளிழுக்கும். சில வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே இத்துளை அமைந்திருக்கும். எங்கள் வண்டியில் அந்த மூடி எப்போதோ தொலைந்திருக்கிறது. அவ்விடத்தில் யாரோ ஒரு சாதாரண போல்ட்டை முறுக்கி வைத்திருந்தார்கள். புதுச் சீல்கள் இருமுறை தோற்றதன் மர்மம் அந்த ஒற்றைப் போல்ட்டில் இருந்தது. மூச்சை அடைத்துவிட்டு வாய் திறக்கிறதே என்று வாயைத் தைத்துக்கொண்டிருந்தோம்!

அதன்பின் வேலை விரைந்தது. பள்ளம் விழுந்த ஆக்சிலின்மேல், கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்புள்ள துருப்பிடிக்காத எஃகு உறை ஒன்றைப் பொருத்தினார். அவ்வளவு மெல்லியதாகையால் பழைய அளவுச் சீலே அதன்மேல் பொருந்தும். சீல் வாங்குவதற்கு மூன்று அளவுகள் போதும்: ஆக்சிலின் குறுக்களவு, குழியின் குறுக்களவு, சீலின் தடிப்பு. பேரிங் விற்கும் கடையில் இரண்டும் சேர்த்து முப்பது டாலருக்கும் குறைவாகவே ஆயிற்று. உதட்டில் எண்ணெய் தடவினோம். ஆக்சிலில் சாவிக்கட்டை அமரும் பள்ளத்தின் கூரிய விளிம்பு உதட்டைக் கிழித்துவிடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினோம். ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க, சீலின் விளிம்பளவே உள்ள ஒரு குழாய்த்துண்டை வைத்து, கோணாமல் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். கியர் எண்ணெயை அளவுக்கோடு வரை மட்டும் ஊற்றினோம். மிகுதியாக ஊற்றினாலும் கசியும். போல்ட் இருந்த இடத்தில் துளையுள்ள மூடி ஏறியது. அவ்வாண்டு இலையுதிர் காலம் முழுவதும் வண்டியின் அடியில் விரித்த அட்டை வெளுப்பாகவே இருந்தது. கூரைப் பணம் கூரைக்கே சென்றது. மூதாட்டியின் அடிக்கல்லை இளைஞர் இருவர் தேய்த்துக் கழுவித் தந்தனர்.

நம் நாட்டு உழவர் பெருமக்களுக்கும் இச்செய்தி அயலானதன்று. பவர் டில்லரிலும், டிராக்டரிலும் இதே ஆயில் சீல்தான் காவல் நிற்கிறது. சேற்றுழவில் ஆக்சில் நீரிலும் சகதியிலும் மூழ்கிச் சுழல்வதால் அங்கே சோதனை இன்னும் கடுமை. உழவு முடிந்ததும் ஆக்சிலைச் சுற்றிய வைக்கோலையும் கயிற்றுத் துணுக்கையும் களைந்துவிட வேண்டும். கியர் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் புகுந்துவிட்டது என்று உணர்ந்து உடனே மாற்ற வேண்டும். புதுச் சீல் போடும்போதெல்லாம் பேரிங்கின் ஆட்டம், ஆக்சிலின் பள்ளம், மூச்சுத் துளை ஆகிய மூன்றையும் பார்க்குமாறு மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை.

ஒழுகும் இடம் வேறு, ஒழுகுவதற்குக் காரணமான இடம் வேறு. முன்னதைக் கண் காட்டும். பின்னதைப் பொறுமைதான் காட்டும். அப்பெரியவரின் கைகள் இப்போது முன்னிலும் அதிகமாக நடுங்குகின்றன. அதை எண்ணித்தானோ என்னவோ, வேலை முடிந்த அன்று வண்டியின் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால் மூன்று வரிகள் எழுதி வைத்தார். முதல் வரி சீலின் அளவுகள், இரண்டாவது, மாற்றிய தேதி, மூன்றாவது, பின்னால் வருபவர்க்கு ஒரு வேண்டுகோள்: "இந்தத் துளையை அடைக்காதீர்கள்."