வெடிச்சத்தம் கேட்ட கோடைகள்

இங்கிலாந்தில் வெயில் அபூர்வம் என்பதால் கோடைப் பாட்டுக்கு இங்கே தனி மரியாதை உண்டு. ஜூனில் யன்னல்கள் திறந்தவுடன் அது தெருவுக்கு வந்துவிடும். கார்களில் போகும், முடிவெட்டும் கடையில் ஓடும், இரண்டு தட்டு பஸ்ஸின் மேல்தட்டில் பள்ளிப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் கரகரக்கும். எந்த வருடம் என்ன நடந்தது என்று யோசித்தால் எனக்கு முதலில் வருவது அந்த வருடத்துப் பாட்டுத்தான்.

2008 என்றால் 'பேப்பர் பிளேன்ஸ்'. அதற்கு முந்தைய வருடமே 'கலா' தொகுப்பில் வந்துவிட்ட பாட்டு. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்தில் சேர்த்த பிறகுதான் ஊரெல்லாம் பரவி, அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடம்வரை போனது. டூட்டிங்கில் மரக்கறி வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பின்னிருக்கைப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் போட்டார்கள். பல்லவியில் சிறுவர்களின் குரலுக்கு நடுவே துப்பாக்கி வெடிகள், அதன்பின் கடைக் காசுப்பெட்டி திறக்கும் மணி. ஒவ்வொரு வெடிக்கும் முன்னிருக்கையின் முதுகில் ஓங்கித் தட்டினார்கள். அம்மா என் கையைப் பிடித்தார். "இதென்ன பிள்ளை, பாட்டுக்குள்ள வெடி வைச்சிருக்கினம்?"

பாடுவது யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றேன். வெடியை மறந்துவிட்டு, "ஆர்ட மகள்?" என்று கேட்டார்.

மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குப் போனவர். 1986இல் தாயோடும் உடன்பிறப்புகளோடும் அகதியாகத் திரும்பி வந்தார். மிட்சத்தில் பிப்ஸ் பிரிட்ஜ் தொடர்மாடியில் வளர்ந்தார். முதல் தொகுப்புக்குத் தகப்பனின் இயக்கப் பெயர், 'அருளர்'. இரண்டாவதற்குத் தாயின் பெயர், 'கலா'. மூன்றாவதற்குத் தன் பெயர், 'மாயா'. 'கலா'வுக்காகச் சென்னைக்குப் போய் உறுமி மேளம் பதிவுசெய்தார். அந்த மேளம் அதிரும் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டை ஒருநாள் வீட்டில் போட்டேன். அம்மா வெங்காயம் உரித்தபடியே கால் விரலால் தாளம் போட்டார்.

'பேப்பர் பிளேன்ஸ்' வெடியை அமெரிக்கத் தொலைக்காட்சியால் தாங்க முடியவில்லை. 2007இல் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் அவர் பாடியபோது வெடிக்குப் பதிலாக வேறு ஏதோ ஒலி வந்தது. எம்டிவியும் அதில் கைவைத்தது. குடியேறி வருகிறவன் காசு பிடுங்கத்தான் வருகிறான் என்று நினைக்கும் நாட்டுக்கு, அந்த நினைப்பையே பாட்டாக்கிக் காட்டிய பாட்டு அது. வெடி இல்லாமல் அந்தப் பல்லவிக்குப் பொருள் இல்லை.

2009ஐ நினைத்தால் பெப்ரவரி 8ஆம் திகதிதான் முதலில் வருகிறது. அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கிராமி விழா. பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த அதே நாளில், நிறைமாத வயிற்றோடு எம்.ஐ.ஏ. மேடையேறினார். ஜே-சீ, கான்யே வெஸ்ட் போன்ற பெரிய ராப் பாடகர்கள் சூழ நின்றார்கள். அந்த விழாவில் பாட வேண்டியிருந்த இன்னொரு பெண் வரவில்லை. அன்று அதிகாலையில் ரிஹானாவை அவருடைய காதலர் கிறிஸ் பிரவுன் காருக்குள் வைத்து அடித்திருந்தார். விழாவில் பாட வேண்டியிருந்த இருவருமே அன்று மேடைக்கு வரவில்லை.

அதே கிழமைகளில் இலங்கையில் போர் நடந்த வன்னியில் சனம் நாளுக்கு நாள் சுருங்கும் நிலத்தில் ஷெல்லுக்கு நடுவே இருந்தது. எங்கள் வீட்டில் பாட்டு நின்றுபோனது. தொலைபேசி மணி மட்டும் கேட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் ஆட்கள் இரவு பகலாக இருந்தார்கள். பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். மே மாதம் எல்லாம் முடிந்தது. ஜூன் 25இல் மைக்கல் ஜாக்சன் இறந்தார், அந்தக் கோடை முழுக்க அவருடைய பாட்டுகளே தெருவெங்கும் கேட்டன. எனக்குப் பிடித்த பாட்டுகள்தான். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

ஆகஸ்டில் சேனல் 4 அந்தப் போரின் காணொளி ஒன்றை ஒளிபரப்பியது. கண்ணும் கையும் கட்டப்பட்டு, உடுப்பு உரியப்பட்ட ஆண்களைச் சீருடைக்காரர்கள் பின்னாலிருந்து சுடுகிறார்கள். போலி என்றது இலங்கை அரசு. 2010 ஜனவரியில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், நிபுணர்களின் ஆய்வு அது உண்மையானது என்றே காட்டுவதாக அறிவித்தார். செய்தி ஓரிரு நாள் ஓடியது, பிறகு அடங்கியது.

2010 ஏப்ரல் கடைசியில் 'போர்ன் ஃப்ரீ' வந்தது. ரொமன் காவ்ராஸ் இயக்கிய, ஒன்பது நிமிடம் ஓடும் காணொளி. அமெரிக்கக் கொடி பொறித்த சீருடைப் படை ஒரு கட்டடத்துக்குள் புகுந்து, செம்பட்டை முடி உள்ளவர்களை மட்டும் பிடித்து பஸ்ஸில் ஏற்றிப் பாலைநிலத்துக்குக் கொண்டுபோகிறது. அவர்களில் சிறுவன் ஒருவன். அவனைத் தலையில் சுடுகிறார்கள். மற்றவர்களைக் கண்ணிவெடி நிலத்தில் ஓடவிடுகிறார்கள். நான் பார்த்தபோது அந்தச் சிறுவனிடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் பார்க்க மறுநாள் ஆனது.

யூடியூப் அதை உடனே நீக்கியது, பிறகு வயதுக் கட்டுப்பாட்டோடு கிடைத்தது. விளம்பரத்துக்காக இரத்தம் காட்டுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. செம்பட்டை முடி என்ற காரணத்துக்காக ஒருவனைக் கொல்வது எவ்வளவு அபத்தம் என்று எல்லோருக்கும் விளங்கியது. அவர் விளங்கவைக்க நினைத்ததும் அதுதான். தமிழன் என்பதற்காகக் கொன்றபோது அந்த அபத்தம் இந்த நாட்டில் எத்தனை பேருக்கு விளங்கியது? நடித்த படத்துக்கு எழுந்த கோபத்தில் ஒரு பங்காவது உண்மைப் படத்துக்கு எழவில்லையே என்று எம்.ஐ.ஏ. கேட்டார். அது எங்கள் எல்லோருடைய கேள்வியும்.

அந்தக் கோடையின் பாட்டு எது தெரியுமா? எமினெமும் ரிஹானாவும் பாடிய 'லவ் த வே யூ லை'. பில்போர்டில் ஏழு வாரம் முதலிடம், பிரிட்டனில் அந்த வருடம் அதிகம் விற்ற ஒற்றைப் பாட்டு. ஜோசஃப் கான் இயக்கிய காணொளியில் மேகன் ஃபாக்ஸும் டொமினிக் மோனஹனும் அடித்துக்கொள்கிறார்கள், உடனே முத்தமிடுகிறார்கள், பின்னால் வீடு எரிகிறது. விட்டுப்போக நினைத்தால் கட்டிலில் கட்டி வீட்டுக்குத் தீ வைப்பேன் என்று ஆண் மிரட்டுவதோடு ராப் முடிகிறது. அடிவாங்கி ஒன்றரை வருடமே ஆன ரிஹானாவின் குரலில் பல்லவி. வலிக்கிற பாட்டு, வலியைத் தெரிந்தவர் பாடிய பாட்டு. விமர்சனங்கள் வராமல் இல்லை. ஆனால் தடை வரவில்லை. அழகான இருவர் அழகான வெளிச்சத்தில் அடித்துக்கொண்டார்கள். அதே பஸ்ஸின் மேல்தட்டில் பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் அந்தப் பல்லவியைக் காதல் பாட்டாகச் சேர்ந்து பாடினார்கள். எனக்கு 'போர்ன் ஃப்ரீ'யைவிட அது அதிகப் பயம் தந்தது.

2011 கோடை தொடங்கும்போது ரிஹானாவின் 'மேன் டவுன்' காணொளி வந்தது. தன்னைக் கெடுத்தவனைக் கூட்டம் நிறைந்த ரயில் நிலையத்தில் ஒரு பெண் சுடுகிறாள். அமெரிக்காவின் பெற்றோர் தொலைக்காட்சிக் கவுன்சில் கொதித்தெழுந்தது. எரியும் வீட்டுக் காதலுக்கு இல்லாத கொதிப்பு, பெண்ணின் கையில் துப்பாக்கி வந்ததும் வந்தது.

காணொளி வன்முறை பற்றிய பேச்சு எப்போதும் எவ்வளவு இரத்தம் என்று அளப்பதிலேயே நின்றுவிடுகிறது. அந்த வன்முறை யாரைப் பார்க்கவைக்கிறது என்று கேட்பதுதான் முக்கியம். அடிபட்டவனின் முகத்தை நாம் விட்டு விலக முடியாதபடி காட்டுகிறதா, அடியையே அழகாக்கி விற்கிறதா? முதல் வகைக்கு வயதுக் கட்டுப்பாடு போடுங்கள், நானும் என் பிள்ளைக்குப் பதினாறு ஆகும்வரை 'போர்ன் ஃப்ரீ'யைக் காட்டவில்லை. நீக்காதீர்கள். இரண்டாவது வகை வானொலியில் நாள் முழுக்க ஓடும், அதைத் தடுக்க முடியாது. அதனால் பெற்றோரே, பிள்ளை கேட்கும் பாட்டைக் கூட இருந்து கேளுங்கள். இதில் அடிவாங்குவது யார், அவர் பிறகு என்ன ஆனார் என்று கேட்டுப் பாருங்கள்.

சேனல் 4 காட்டிய அந்தப் படத்தில் சுட்டவர்களில் ஒருவர்கூட இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை.