ஒப்புக்கொண்ட தொகை

என்னை அனுப்பினால் ஆள் பேசிவிடும் என்று எங்கள் தலைமைக் காரியாலயத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஒரு நிதிக் கம்பனியின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் அப்போது வேலை. மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டை, தம்புள்ளை என்று மாவட்டத்தில் எந்தக் கிளையில் காசு குறைந்தாலும் கொழும்பிலிருந்து வரும் அதிகாரிகளோடு நானும் போவேன். அவர்களுக்குத் தமிழ் வராது. அடகுப் பிரிவில் இருப்பவர்களோ பெரும்பாலும் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள். நான் குரலை உயர்த்த மாட்டேன். "தங்கச்சி, முதல்ல தண்ணி குடிங்க" என்றுதான் தொடங்குவேன். கொஞ்ச நேரத்தில் அழுகை வரும், அழுகைக்குப் பின்னால் கையெழுத்து வரும். மிரட்டாமல் வாங்குகிறேன் என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மிரட்டாமல் வாங்குவதற்கு ஒரு வசனம் உண்டு. இந்த வேலையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். "உண்மையைச் சொல்லிட்டா பொலிஸ் வரைக்கும் போகாமப் பார்த்துக்கலாம்." சொல்பவருக்கு அது இரக்கமாகவே தோன்றும். ஆனால் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்றுக் கட்டளைச் சட்டம் இந்த வசனத்தை நமக்கு முன்பே கேட்டிருக்கிறது. அதிகாரத்தில் உள்ள ஒருவர் ஆசை காட்டியோ, அச்சுறுத்தியோ, வாக்குறுதி கொடுத்தோ பெற்ற குற்ற ஒப்புதல் குற்றவியல் வழக்கில் செல்லாது என்கிறது அதன் 24ஆம் பிரிவு. மிரட்டலையும் வாக்குறுதியையும் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. அடுத்த பிரிவு இன்னும் கடுமை. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை வழக்கில் நிரூபிக்கவே விடாது. இப்படி வாங்கிய தாள் நீதவான் முன் நிற்காது என்பது கம்பனிகளுக்குத் தெரியாததல்ல. ஆனால் 24ஆம் பிரிவு குற்றவியல் வழக்குக்குத்தான். ஒழுக்காற்று விசாரணைக்கும் இராஜினாமாக் கடிதத்துக்கும், காசைத் திருப்பிக் கட்டுகிறேன் என்ற உடன்பாட்டுக்கும் அந்தத் தாள் போதும். நாளைக்குத் தொழில் நியாய சபைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். கையெழுத்துக்கு அவ்வளவு அவசரம் இதனால்தான்.

இரத்தோட்டைப் பாதையில் இருந்த ஒரு கிளையில் பதினொரு இலட்சம் ரூபா சொச்சம் குறைந்தது. அடகு வைத்தவர்கள் கட்டிய வட்டியும் முதலின் பகுதியும் புத்தகத்தில் ஏறவில்லை. இது பழைய வித்தை. இன்று ஒருவர் கட்டிய காசை எடுத்துக்கொள்வது, அவர் கணக்கு உதைக்கும் நேரத்தில் நாளை வேறொருவர் கட்டுவதை அதில் போட்டு மூடுவது. அடகுச் சீட்டோடு வந்து நகையைக் கேட்கும் வரை வாடிக்கையாளருக்குத் தெரியாது. தைப்பொங்கலும் தீபாவளியும் நெருங்கும்போது நகையை மீட்க ஆட்கள் சேர்ந்தாற்போல் வருவார்கள். அப்போதுதான் மூடி திறக்கும். இங்கேயும் அப்படித்தான் திறந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. அடகுப் பிரிவில் இருந்த பெண் முதல் நாளே கையெழுத்து வைத்துவிட்டாள். சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒன்றரைப் பக்கம். தொகை சதம் வரைக்கும் சரியாக இருந்தது. கோப்புக்கு ஒரு தமிழ்ப் பிரதி வேண்டும், படித்துக் காட்டி அதிலும் ஒரு கையெழுத்து வாங்கிவிடு என்பது எனக்கு வந்த வேலை.

வாசித்துக் காட்டினேன். தலையாட்டினாள். ஏனோ, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். தாளில் அது எங்கேயும் இல்லை. "நான்தான் எடுத்தேன் சேர்." சரி, எப்படி? "எல்லாம் நான்தான் சேர்." எந்தச் சீட்டில் தொடங்கினீர்கள், எதை எதால் மூடினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு சில சீட்டுகளுக்குப் படபடவென்று விடை வந்தது. யாருடைய நகை, எவ்வளவு, அன்றைக்கு என்ன தேவைக்கு எடுத்தாள் என்பது வரை சொன்னாள். மற்றவற்றுக்கு அந்த ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ரசீதுகளின் திகதிகளை லீவுப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் பஞ்சரத பவனி. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அன்றைக்கு லயத்தில் ஆள் பார்ப்பது கடினம். அவளும் தேருக்கு முதல் நாளும் தேர் அன்றும் லீவு. அந்த இரண்டு நாட்களிலும் அவளுடைய கணினிக் கணக்கில் காசு வாங்கப்பட்டிருந்தது. கடவுச்சொல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்ததாம், எல்லாருக்கும் தெரியுமாம். தேர் வடம் பிடித்த நாளில் எடுத்த காசையும் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஏன் கையெழுத்து வைத்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கொஞ்சம் எடுத்தது உண்மைதானே சேர். கொஞ்சம்னு சொன்னா நம்புவாங்களா?" அவள் எடுத்தது நாற்பதாயிரத்துக்குள்.

இதை நான் எந்தப் பாடத்திலும் படித்திருக்கவில்லை. ஒன்றும் செய்யாதவர் முறைப்பார், மறுப்பார், தொழிற்சங்கத்துக்குப் போன் பண்ணுவார். முழுக்கச் செய்தவர் பேரம் பேசுவார். கொஞ்சம் செய்தவர்தான் உடைவார். நாற்பதாயிரத்தின் வெட்கம் பதினொரு இலட்சத்தையும் தலையில் ஏற்றிக்கொள்ளும். எனக்கு முன்னால் அழுது கையெழுத்து வைத்த எத்தனை பேர் இந்த ரகம் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. பழைய கோப்புகளை எடுத்துப் பார்க்க இனி எனக்கு வழியில்லை.

மீதிக் காசு யாரிடம் போனது என்பது பின்னால் தெரிந்தது. அது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

பிரித்தானியத் தபால் துறையில் நடந்தது, செய்யாததை ஒப்புக்கொள்ளும் இந்தக் கதையின் ராட்சத வடிவம். புஜிட்சு கம்பனியின் 'ஹொரைசன்' மென்பொருள் காட்டிய பொய்க் குறைவுகளை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் உபதபாலகம் நடத்தியவர்கள். உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை, வேறு யாருக்கும் இல்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஜோ ஹாமில்டன் என்ற பெண்ணின் கணக்கில் 36,000 பவுண் குறைந்தது. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதானால் பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொள்கிறேன் என்று குற்றத்தை ஏற்றார். அவர் ஒரு பென்ஸ் கூட எடுக்கவில்லை. 2021 ஏப்ரலில்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரையும் சேர்த்து 39 பேரின் தீர்ப்பை ரத்துச் செய்தது.

மொழியைப் பற்றிச் சொல்ல நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் மேலே சொன்ன பொலிஸ் தடையை நீக்கிவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னால் செல்லும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் சிங்கராசாவின் பெருவிரல் அடையாளம். எனக்குச் சிங்களம் தெரியாது, சித்திரவதை செய்துதான் வாங்கினார்கள் என்றார் அவர். 1995இல் 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. போர்க்கால வழக்கையும் அடகுக்கடை வழக்கையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அந்த ஒன்றரைப் பக்கச் சிங்களத் தாளைக் கையில் வைத்திருந்தபோது அந்தப் பெருவிரல்தான் நினைவுக்கு வந்தது.

உண்மையான ஒப்புதல் வாக்குமூலம் எப்படி இருக்கும் என்று ஒரு தோட்டத்துக் கிளாக்கரிடம் பின்னால் பார்த்தேன். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இல்லாத ஆட்களுக்குப் பேர் போட்டுச் சம்பளம் எடுத்தவர். தன் கைப்படத் தமிழில் எழுதினார். திகதிகள் முன்பின்னாக இருந்தன. பாதி, மனைவியின் வைத்தியச் செலவு. இடையில் பெரிய துரையைத் திட்டி ஒரு பத்தி. நாங்கள் கண்டுபிடிக்காத இரண்டு பேர்களை அவராகவே எழுதி, எந்த மாதத்தில் அவற்றை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்றும் சொல்லியிருந்தார். மறுநாள் செக்ரோலைப் புரட்டினால் அந்த இரண்டு பேரும் அந்த மாதத்தோடு நின்றிருந்தார்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. பொலிஸ் காவலில் ஒருவர் சொன்னதைக் கொண்டு ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு தொடர்புள்ள அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சை ஏற்கிறது.

இப்போது வயது போய்விட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் சில என்னை விசாரணை அதிகாரியாகக் கூப்பிடுகின்றன. தாளும் லீவுப் புத்தகமும் பார்த்து முடிக்காமல் ஆளைக் கூப்பிட மாட்டேன். கதவுப் பக்கத்து நாற்காலி அவருக்கு. பெண் என்றால் அவர் கேட்கும் ஒரு பெண் கூட இருக்கலாம். தொகையை நான் சொல்வதில்லை, அவர்தான் சொல்ல வேண்டும். எழுதுவதும் அவரே, அவருக்கு வரும் மொழியில். எது தான் செய்யாதது என்பதையும் எழுதச் சொல்வேன். அந்தப் பத்தியைத்தான் ஆட்கள் மிகவும் யோசித்து எழுதுகிறார்கள். பொலிஸுக்குப் போகுமா என்று கேட்டால், அது என் கையில் இல்லை என்பேன். இந்தப் பதிலைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு. போகட்டும்.

அந்த அடகுப் பிரிவுப் பெண்ணின் குற்றச்சாட்டுப் பத்திரத்தில் தொகை திருத்தப்பட்டது. வேலை போனது, எடுத்ததைத் தவணையில் கட்டினாள். விசாரணை முடிந்த அன்று தான் முதலில் கையெழுத்து வைத்த தாளின் ஒரு போட்டோ பிரதி கேட்டாள். கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். நான் நடத்தும் விசாரணைகளில் கையெழுத்து வைத்த அன்றே பிரதி ஒன்றைக் கொடுத்து, கிடைத்தது என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். லோயரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்களே என்று ஒரு சங்கத் தலைவர் ஆட்சேபித்தார். காட்டட்டும் என்றுதான் கொடுக்கிறேன் என்றேன்.