வாசலில் சொந்த மின்கம்பம்... பூனைக்கு மட்டும் கேட்கும் பாட்டு! டோக்கியோவின் ஆடியோ பித்தர்கள்

வீடு கட்டுகிறவர்கள் வாசலில் என்ன வைப்பார்கள்? துளசி மாடம் வைக்கலாம், ஒரு மாங்கன்று நடலாம், இடமிருந்தால் கார் நிறுத்த ஒரு ஷெட் போடலாம். ஜப்பானில் சிலர் மின்கம்பம் நடுகிறார்கள். அதுவும் சொந்தக் காசில். தெருவுக்கு வெளிச்சம் தருவதற்காக இல்லை, பாட்டுக் கேட்பதற்காக!

நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் விஷயம் உண்மை. ஜப்பானியத் தெருக்களில் ஓடும் மின்சாரம் 6,600 வோல்ட். கம்பத்தில் தொங்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை 100 வோல்ட்டாகக் குறைத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரை அக்கம்பக்கத்து வீடுகள் பல பங்கு போட்டுக்கொள்கின்றன. இங்கேதான் பிரச்னை. பக்கத்து வீட்டு மைக்ரோவேவும், எதிர் வீட்டு வாஷிங்மெஷினும் மின்சாரத்தை 'அழுக்காக்கி'விடுகின்றன, அந்த அழுக்கு பியானோ சத்தத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பது இவர்களின் கவலை. எனவே, தனிக் கம்பம், தனி டிரான்ஸ்ஃபார்மர். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இதற்காகச் சுமார் 10,000 டாலர் செலவழித்தது 2016-ல் உலகச் செய்தியானது.

இவர்களுக்கு 'ஆடியோஃபைல்' என்று பெயர். பாட்டைக் காதலிப்பவர் ரசிகர். பாட்டு வரும் பெட்டியையும், பெட்டிக்குப் போகும் ஒயரையும், ஒயருக்குள் ஓடும் மின்சாரத்தையும் சேர்த்துக் காதலிப்பவர் ஆடியோஃபைல். உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால், இவர்களின் உலகத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் டோக்கியோவில் மஞ்சள் கோடு போட்ட சோபு லைன் ரயிலில் ஏறினால் போதும். முதல் ஸ்டாப், ஆகிஹாபரா.

மாடி ஏற ஏற விலையும் ஏறும்!

இன்று ஆகிஹாபரா என்றால் அனிமே பொம்மைகளும் வீடியோ கேம்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதன் பழைய பெயர் 'மின்சார நகரம்'. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ரேடியோ வால்வுகளும் ஒயர்களும் விற்கும் பிளாட்பாரக் கடைகள் இங்கே முளைத்தன. 1949-ல் 'தெருவில் கடை போடக் கூடாது' என்று உத்தரவு வந்தபோது, வியாபாரிகள் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்தார்கள். இன்றும் அங்கே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், சுவிட்சும் கண்டன்சரும் கூறு கட்டி விற்கிறார்கள். தலைக்கு மேலே ரயில் தடதடத்துக்கொண்டே இருக்கும்.

அங்கிருந்து வெளியே வந்து ஒரு பெரிய ஆடியோ கடைக்குள் நுழைந்தால் காட்சி மாறும். கீழ்த் தளத்தில் சாதாரண மனிதர்களுக்கான ஸ்பீக்கர்கள். மாடி ஏற ஏற விலையும் ஏறும், சத்தம் குறையும். உச்சி மாடிக்குப் போனால் கோயில் கருவறை போன்ற அமைதி. அங்கே யானை விலை குதிரை விலை என்பதெல்லாம் பழைய மொழி. ஒரு ஜோடி ஸ்பீக்கர் கார் விலை. நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு எதுவும் வாங்காமல் எழுந்து போனாலும், விற்பனையாளர் குனிந்து வணங்கி வழியனுப்புவார்.

இந்த உலகத்தின் நம்பிக்கைகள் தனி ரகம். சாதாரண பிளக் பாயின்ட் போதாது, ஆஸ்பத்திரிகளுக்கென்று தயாராகும் பிளக் பாயின்ட்தான் வேண்டும் என்று தேடி வாங்கி வீட்டில் மாட்டுகிறார்கள். ஐ.சி.யூ-வில் உயிர் காக்கும் கருவிக்கு உரிய மரியாதை, வீட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு! ஒயர் தரையில் படக் கூடாது என்று அதைத் தூக்கிப் பிடிக்கக் குட்டிக் குட்டி முட்டுகள் விற்கின்றன. சில ஒயர்களில் 'இந்தத் திசையில் மாட்டவும்' என்று அம்புக்குறிகூட உண்டு. டோக்கியோவின் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை போய்த் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அம்புக்குறியைப் படிக்க எங்கே நேரம்?

செலவில்லாத வைத்தியமும் இருக்கிறது. இரண்டு முள் பிளக்கைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, 'இப்போ நல்லா இருக்கு' என்று முடிவு செய்வது. மறுநாள் மறுபடி திருப்பி மாட்டுவது.

கிழக்கு மின்சாரம், மேற்கு மின்சாரம்

'அந்த ஊர் மின்சாரத்தில் பாட்டு இனிக்கும், இந்த ஊர் மின்சாரத்தில் இனிக்காது' என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஜப்பானில் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டும். ஏனென்றால், அந்த நாட்டில் உண்மையாகவே இரண்டு விதமான மின்சாரம் இருக்கிறது.

1895-ல் டோக்கியோவுக்கு ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கினார்கள். அது 50 ஹெர்ட்ஸ். மறு வருடம் ஒசாகாவுக்கு அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அது 60 ஹெர்ட்ஸ். அன்று ஆளுக்கொரு கடையில் வாங்கிய சரக்கு, இன்று வரை நாட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2011-ல் பூகம்பமும் சுனாமியும் தாக்கி டோக்கியோ பகுதி மின்வெட்டில் தவித்தபோது, மேற்கு ஜப்பானில் மின்சாரம் இருந்தும் தேவையான அளவுக்கு அனுப்ப முடியவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. மாற்றித் தரும் நிலையங்களுக்கோ அவ்வளவு சக்தி இல்லை.

பாட்டுக்கும் இதனால் நிஜமான சிக்கல் உண்டு. பழைய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றின் மோட்டார், மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பியே சுற்றும். ஒசாகாவில் ஒழுங்காகப் பாடிய பிளேயரை அப்படியே டோக்கியோவுக்குத் தூக்கி வந்தால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, பாடகிக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். அதற்கென்றே தனித்தனி புல்லிகள் இருந்தன.

பித்தர்களின் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான். அடியில் ஒரு கைப்பிடி உண்மை இருக்கும். அதன் மேல் ஏழு மாடி கட்டியிருப்பார்கள். 'நீர்மின்சாரத்தில் பாட்டு தெளிவாக இருக்கும், அனல்மின்சாரத்தில் கதகதப்பாக இருக்கும்' என்று ஜப்பானிலேயே ஒரு கேலி உலவுகிறது. கேலி என்று தெரியாமல் தலையாட்டியவர்களும் இருக்கலாம்!

முறுக்கும் பல்லும்

ஆகிஹாபரா கடைகளில் பல கருவிகளின் மீது தங்க நிறத்தில் 'ஹை-ரெஸ் ஆடியோ' ஸ்டிக்கர் மின்னும். ஜப்பான் ஆடியோ சங்கம் வகுத்த தரம் அது. கருவி 40,000 ஹெர்ட்ஸ் வரை கையாள வேண்டும் என்பது அதன் கணக்கு. சரி, மனிதக் காது எதுவரை கேட்கும்? குழந்தைக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற உச்ச ஒலிகள் ஒவ்வொன்றாக விடைபெறும். அறுபதைத் தாண்டிய பலருக்கு 10,000-க்கு மேலே எல்லாம் நிசப்தம்.

உச்சி மாடியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். இளமையில் காது இருந்தது, காசு இல்லை. முறுக்கு வாங்கக் காசு சேர்ந்தபோது பல் போயிருந்த கதைதான். 40,000 ஹெர்ட்ஸை உண்மையில் யார் கேட்கிறார்கள்? சோபாவில் சுருண்டு படுத்திருக்கும் பூனை. அதன் காதுக்கு அது சர்வசாதாரணம். லட்சக்கணக்கில் செலவு செய்து அந்த வீட்டில் முழுப் பாட்டையும் கேட்பது பூனை மட்டும்தான். அதுவும் பாதியில் எழுந்து போய்விடும்.

வீட்டுக்காரம்மாக்களைப் பற்றி இவர்களிடையே உலகம் முழுக்க ஒரு ஜோக் உண்டு. "நான் செத்துப்போவதைப் பற்றிக் கவலை இல்லை. 'இது இவ்வளவுதான்' என்று நான் சொன்ன விலைக்கே அவள் எல்லாவற்றையும் விற்றுவிடுவாளே, அதுதான் கவலை!"

ஆகிஹாபராவிலிருந்து அடுத்த ஸ்டாப்பான ஒச்சனோமிசுவில் இறங்கினால் அந்த ஜோக் கொஞ்சம் கனக்கும். பழைய இசைத்தட்டுக் கடைகள் இருக்கும் பகுதி அது. உறை கசங்காமல், ஒரு கீறல் இல்லாமல், பிளாஸ்டிக் கவருக்குள் வரிசையாக நிற்கும் தட்டுகள். யாரோ ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, வெயில் படாமல் பார்த்துக்கொண்டவை அவை. இப்போது விலைச்சீட்டோடு அடுத்த கைக்காகக் காத்திருக்கின்றன.

காது சொன்னதா, கவர் சொன்னதா?

இசைத்தட்டுப் பிரியர்களின் முதல் வேதம், 'டிஜிட்டல் கலந்தால் உயிர் போய்விடும்' என்பது. வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் சி.டி. பிளேயர்கள் விற்பனைக்கு வந்தது இதே ஜப்பானில்தான், 1982 அக்டோபரில். டிஜிட்டல் கலந்தால் தங்கள் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்று பிரியர்கள் அன்றிலிருந்து சொல்லிவந்தார்கள்.

2022-ல் அதற்கு ஒரு பரீட்சை வந்தது, யாரும் கேட்காமலே. அமெரிக்காவின் 'மொபைல் ஃபிடிலிட்டி' நிறுவனம் பழைய ஒரிஜினல் டேப்புகளிலிருந்து எடுத்த விலை உயர்ந்த தட்டுகளுக்குப் பேர்போனது. 'இதுதான் சுத்தமான அனலாக்' என்று பித்தர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டவை அவை. ஆனால், அவற்றில் பலவற்றில் பல வருடங்களாகவே டிஜிட்டல் ஒரு படியாகக் கலந்திருந்தது அந்த வருடம் வெளியே வந்தது. கோபம், வழக்கு, நஷ்டஈடு எல்லாம் நடந்தது. கோபத்தில் நியாயம் உண்டு. சரக்கில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். ஆனால், அத்தனை தங்கக் காதுகளும் அத்தனை வருடமும் என்ன செய்துகொண்டிருந்தன? தட்டு நன்றாக இருந்தது, ரசித்தன. அவ்வளவுதான்.

ஒரு காபிக்கு ஓர் உலகம்

மஞ்சள் ரயில் மேற்கே போகிறது. யோட்சுயாவில் 'ஈகிள்' என்ற ஜாஸ் காபிக் கடை, 1967-ல் தொடங்கியது. மாலை 6 மணி வரை உள்ளே பேசக் கூடாது என்பது அங்கே விதி. இன்னும் இரண்டு ஸ்டாப் தள்ளி செண்டகயா. எழுத்தாளர் ஹாருகி முரகாமி, நாவலாசிரியர் ஆவதற்கு முன்பு ஆரம்பித்த 'பீட்டர் கேட்' ஜாஸ் கடை பிறகு இடம் மாறி வந்தது இந்தப் பகுதிக்குத்தான்.

இப்படி ஒரு வகைக் கடை ஜப்பானில் ஏன் வளர்ந்தது? போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்று வாங்க, சம்பளத்தில் ஒரு பெரிய துண்டைக் கொடுக்க வேண்டும். நல்ல ஸ்பீக்கர் கனவில்தான். வாங்கினாலும் வீடு தீப்பெட்டி, சுவர் காகிதம். சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். எனவே, ஒருவர் நல்ல கருவி வாங்கிக் கடை வைத்தார். மற்றவர்கள் ஒரு காபிக்குக் காசு கொடுத்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று வாசலில் தனிக் கம்பம் நடும் பித்து, பலர் ஒரே ஸ்பீக்கரைப் பங்கு போட்டுக் கேட்ட ஊரில்தான் வளர்ந்தது.

அந்தப் பங்கு இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை. யோயோகியில் ரயில் மாறி ஷிபுயா போய், டோகென்சாகா மேட்டில் ஏறினால் 'லயன்' இருக்கிறது. 1926-ல் தொடங்கியது. 1945-ல் குண்டுவீச்சில் எரிந்தது. 1950-ல் மீண்டும் எழுந்தது. உள்ளே மங்கிய வெளிச்சம். இருக்கைகள் ஒருவரையொருவர் பார்க்காமல், பஸ் சீட் போல எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. எதிரே, இரண்டு மாடி உயரத்துக்கு மரத்தாலான ஸ்பீக்கர்கள், கோயில் கோபுரம் மாதிரி. பேசக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. அச்சடித்த நிகழ்ச்சி நிரலின்படி இசைத்தட்டுக் கச்சேரி.

இன்னொரு விஷயம். வீட்டில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே அளவு, ஒரே தூரம், ஒரே கோணம் என்று டேப் வைத்து அளக்கிறவர்கள் இங்கே வந்தால் தலை சுற்றிப் போவார்கள். லயனின் ஸ்பீக்கர்களில் இடமும் வலமும் ஒன்றுபோல இல்லை. ஆர்கெஸ்ட்ராவில் கனமான வாத்தியங்களும் மெல்லிய வாத்தியங்களும் வேறு வேறு பக்கம் உட்காருவதால், வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

தட்டில் கீறல் இருந்தால் அதுவும் சேர்ந்தே ஒலிக்கும். ஒருவர் கண் மூடியிருப்பார், ரசிக்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாது. ஒரு மாணவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்திருப்பார். யாரும் பிளக்கைத் திருப்பி மாட்டுவதில்லை.

இந்தக் கட்டுரையை போனில் படிக்கும் பலரின் காதில் இப்போதே இயர்போன் இருக்கும். 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்கள், பாட்டை அதிக சத்தத்தில் கேட்டே காதைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் எல்லை என்கிறது. மின்கம்பம் வாங்கலாம், வெள்ளி ஒயர் வாங்கலாம். போன காதை ஆகிஹாபராவின் உச்சி மாடியிலும் விற்பதில்லை. வால்யூமை இரண்டு புள்ளி குறைத்துவிட்டு, அடுத்த பாட்டைக் கேளுங்கள்!