விதைத் தேர்வு

எங்கள் ஊரில் குறுவைக்கு விதைநெல் ஊறவைப்பதற்கு முன் செய்யும் வேலை ஒன்று உண்டு. அண்டா நீரில் ஒரு கோழிமுட்டையை இட்டு, அது மேலெழுந்து மிதக்கும்வரை உப்பைக் கரைப்பார்கள். பின்பு முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுவார்கள். பதர் மிதக்கும்; அதை அரித்து எறிவார்கள். அடியில் தங்கியதை நல்ல நீரில் அலசி விதைப்பார்கள். மிதந்த நெல்லுக்காக வருந்தியவர் எவரையும் நாங்கள் கண்டதில்லை.

2019இல் ஒரு மருத்துவமனையில் நாங்கள் இருவரும் அமர்ந்திருந்தபோது அந்த அண்டா நினைவுக்கு வந்தது.

நாங்கள் அத்தை மகனும் மாமன் மகளும். திருமணத்தின்போது பத்துப் பொருத்தம் பார்த்தார்கள், இரத்தத்தைப் பார்க்கவில்லை. இருவருமே தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்பது, எட்டாம் மாதத்தில் மகள் வெளிறிப்போன பிறகே தெரிந்தது. சுமப்பவர்க்கு நோய் இல்லை. ஆனால் இருவர் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. மகளுக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற நாள்தோறும் மருந்தும் வேண்டும்.

இரண்டாம் பிள்ளைக்குச் சோதனைக்குழாய் வழியை மருத்துவர் பரிந்துரைத்தார். ஐந்தாம் நாள் கருவின் புற அடுக்கிலிருந்து, அதாவது பின்னர் நஞ்சுக்கொடியாக வளரும் பகுதியிலிருந்து, சில உயிரணுக்களை எடுத்து மரபணுவைச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை கரு திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கும். மகளுக்கு எலும்பு மஜ்ஜை பொருந்தும் கருவையும் தேடலாம் என்றார். நோயின்மைக்கு நான்கில் மூன்று, பொருத்தத்திற்கு நான்கில் ஒன்று. இரண்டும் சேர்ந்தமைய பதினாறில் மூன்றே வாய்ப்பு. குஜராத்தில் இவ்வாறு தேர்ந்து 2018இல் பிறந்த ஒரு தங்கையின் மஜ்ஜை 2020இல் அவள் அண்ணனுக்குப் பொருத்தப்பட்டது.

எங்களுக்கு நான்கு கருக்கள் கிடைத்தன. எதுவும் பொருந்தவில்லை. ஒன்றில் நோய், இரண்டு சுமப்பவை, ஒன்று முற்றும் நீங்கியது. நோயுள்ளதைக் கைவிடக் கையெழுத்திட்டோம். நீங்கியதைத் தேர்ந்தோம். அவன் இப்போது பள்ளிக்குச் செல்கிறான். வீடு திரும்பிய பின்னரே ஒன்று உறைத்தது: ஒதுக்கிவைத்த அவ்விரண்டும் எங்களைப் போன்றவையே. எங்கள் பெற்றோர் இதே அளவுகோலைப் பிடித்திருந்தால் நாங்கள் மிதந்திருப்போம்.

அளவுகோல் எவர் கையில் என்பதே கேள்வி. லண்டனில் இச்சோதனை முதன்முதலில் பயன்பட்டபோது, ஆண்பிள்ளைகளைத் தாக்கும் பரம்பரை நோய்களைத் தவிர்க்கப் பெண்கருக்களைத் தேர்ந்தார்கள். நம் நாட்டில் அதே கருவி எத்திசையில் திரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் திருத்தப்பட்டு, கருத்தரிப்புக்கு முந்தைய பாலினத் தேர்வும் தடைசெய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டுச் சட்டம், அறியப்பட்ட பரம்பரை நோய்களுக்கு மட்டுமே கருவைச் சோதிக்கலாம் என்கிறது. கருக்களைப் பத்தாண்டுக்கு மேல் சேமிக்கவும் கூடாது. எங்கள் இரண்டும் இன்னும் உறைந்தே இருக்கின்றன. என்ன செய்வதென்று முடிவெடுக்காமலே ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறோம்.

சென்ற மாதம் பழைய கோப்பைப் படித்த மகள் கேட்டாள்: “அந்த நாலுல நான் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவளுக்கு வயது பதின்மூன்று. பொய் சொன்னால் கண்டுகொள்வாள். விடை எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவேதான் வாய் திறக்கவில்லை.

சோதனை தவறென்று நாங்கள் கூறவில்லை. இன்னொரு பிள்ளையின் கையில் ஊசி ஏறுவதைக் காணும் வலு எங்களுக்கு இல்லை. மீண்டும் நேர்ந்தாலும் அதையே செய்வோம். ஆனால் உப்புநீர் நெல்லைப் பிரிப்பது போல அது தானாக நிகழ்ந்ததென்று மட்டும் இனிச் சொல்ல மாட்டோம். பிரித்தவர்கள் நாங்கள். மணம் பேசும் வீட்டார் சாதகத்தோடு ஓர் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டால், இக்கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் குறைவர்.