பாத்திக்குள் நாய் வந்த வழி

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களிடம் நாயைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் புகார்தான் வரும். நேற்று விதைத்த கீரைப் பாத்தியைப் பிறாண்டிப் போட்டது, தண்ணீர் விட்ட இடமாகப் பார்த்துப் படுத்தது, பழுக்கிற நேரத்தில் தக்காளியைக் கவ்விக்கொண்டு ஓடியது. இந்தப் புகார்களுக்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. இறைச்சி தின்னும் பிராணிக்குக் காய்கறித் தோட்டத்தில் என்ன வேலை? கோபத்தில் கேட்கப்படும் இந்தக் கேள்வியை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, நாய்க்கும் விளைநிலத்துக்குமான உறவு எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்த்தேன். பாத்தியில் நாய் செய்கிற காரியங்கள் எல்லாம் ஒரே காலத்தில் வந்தவை அல்ல என்பதுதான் அந்தத் தேடலில் கிடைத்த விஷயம். சில பழக்கங்கள் ஓநாய்க் காலத்தவை. சில உழவு தொடங்கிய பிறகு சேர்ந்தவை. இந்த வயதுக் கணக்கு தெரிந்தால், தோட்டத்தில் எதற்கு இடம் விட வேண்டும், எதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், எதை எட்டாமல் வைக்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

நாய் வெறும் இறைச்சிப் பிராணி என்ற எண்ணத்துக்கு வலுவான மறுப்பு 2013இல் வந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்ஸல்சனும் அவருடைய குழுவினரும் 12 ஓநாய்களின் மரபணுத் தொகுதியை 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களின் தொகுதியோடு ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கக் கணையம் சுரக்கிற நொதி அமைலேஸ். அதற்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருந்தது. நாய்களிடமோ நான்கு முதல் முப்பது வரை இருந்தது. பிரதி கூடக்கூட நொதியும் கூடும். நொதி கூடினால் சோறும் கூழும் கிழங்கும் உடம்பில் ஒட்டும். மோர் ஊற்றிய பழைய சோற்றைத் தின்றே ஊர்க்காவல் பார்க்கிற நம் தெருநாயின் வயிற்றில் இருப்பது இந்த மாற்றம்தான். வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ கேரட்டையோ நாய் விரும்பித் தின்பதை வளர்ப்பவர் கொடுத்த செல்லம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் உழவுதான் ஓநாயை நாயாக்கியதா? அந்தக் கட்டுரை வந்தபோது அப்படியும் ஒரு கருத்து எழுந்தது. ஆனால் காலக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காஸல் என்ற இடத்தில் 1914இல் கிடைத்த புதைகுழியில் ஓர் ஆண், ஒரு பெண் இவர்களோடு ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. அந்தப் புதைகுழியின் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டு. உலகில் எங்கும் உழவு தொடங்காத காலம் அது. ஆஸ்திரேலியாவின் டிங்கோ இன்னொரு சாட்சி. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு கடல் கடந்து போய், தானிய வேளாண்மை இல்லாத நிலத்தில் தங்கிவிட்ட அந்த நாயிடம் அமைலேஸ் மரபணு ஓநாயைப் போல இரண்டு பிரதிதான். பழங்கால நாய் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. தென்கிழக்கு ஐரோப்பாவில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே, வேளாண் குடிகளோடு வாழ்ந்த நாய்களிடம் இந்தப் பிரதிகள் பெருகியிருந்ததை அது காட்டியது. ஆக, நாய் வேட்டைக்காரனின் துணையாக வந்தது. பிறகு உழவன் வீட்டு மிச்சத்தைத் தின்று மாறியது. தோட்டத்துக்கும் அதற்குமான உறவு பிறவியில் வந்தது இல்லை. சேர்ந்து வாழ்ந்து சம்பாதித்தது.

தோண்டுவது இதையெல்லாம்விடப் பழையது. ஓநாய் குட்டி போடப் பொந்து தோண்டும். மிஞ்சிய இறைச்சியை மண்ணில் புதைத்து வைக்கும். வெயிலில் மேல்மண்ணைக் கீறிவிட்டு அடியிலிருக்கும் குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுப்பது நாயினத்தின் வழக்கம். மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காத பிராணிக்கு அதுவே குளிர்சாதனம். சித்திரை வெயிலில், காலையில் தண்ணீர் விட்ட கீரைப் பாத்தியைவிடக் குளிர்ந்த இடம் அந்த வளாகத்தில் வேறு ஏது? போதாததற்கு நாமே எலும்புத் தூளை மண்ணில் கலக்கிறோம், மீன் அமிலம் ஊற்றுகிறோம். மண்ணுக்குள் மீனையும் எலும்பையும் மணக்க வைத்துவிட்டு, தோண்டாதே என்று அந்த மூக்கிடம் சொல்வது எடுபடாது. வாய்மொழி அதட்டலால் இதை முழுக்க மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. மரநிழலில் ஈரமணல் போட்டு அதற்கென்று ஒரு குழியை விட்டுவிடலாம். மதிலோரம் அது சுற்றிவருகிற தடத்தில் பாத்தி போடாமல் இருக்கலாம். நாற்று வேர் பிடிக்கும்வரை வலை கட்டலாம்.

வயிறே இவ்வளவு மாறியிருக்கும்போது, ஆகாததை அதுவே ஒதுக்கிவிடாதா என்று கேட்கலாம். ஒதுக்காது. தினமும் கிடைத்த மாவுச்சத்தைச் செரித்தவை பிழைத்துப் பெருகின. அதனால் அந்தத் திறன் வளர்ந்தது. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் அண்மையில் முன்வைத்திருக்கிறார்கள். புளியைத் தின்ற நாய்களுக்கு நேர்ந்த சிறுநீரகப் பாதிப்பும் அந்தக் கருத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. புளியமரத்தடியில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆமணக்குப் பிண்ணாக்கு உரத்தை நாய் தீனி என்று நினைத்தே தின்னும். அதில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வேலியோர அரளியும் இதயத்தைத் தாக்கும். இந்த இடங்களில் நாயின் விவேகத்தை நம்பிப் பயனில்லை, தடுப்புதான் வேண்டும்.

சுகாதாரம் பற்றிய ஆட்சேபம் எல்லாவற்றிலும் நியாயமானது. நாய்க் கழிவில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இருக்கக்கூடும். உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டு உரக்குழியில் அதைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறி நிற்பதில்லை. எனவே மாட்டுச் சாணம்போல நாய்க் கழிவும் உரம்தானே என்ற கணக்கு உதவாது. கழிக்கிற இடம் பாத்தியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், கழிவை அன்றன்றே அகற்ற வேண்டும், கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும், கீரையை நன்றாக அலச வேண்டும். இத்தனையும் செய்ய முடியாத வீட்டில் பாத்தியைச் சுற்றி வேலி போடுவதே சரி. செய்ய முடிந்த வீட்டில் நாயை விலக்கக் காரணம் இல்லை.

உரிமை என்று பேசினால் ஒன்றைச் சொல்லலாம். தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் 1492க்குப் பிறகுதான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டின. காஷ்மீரின் புர்சஹோமில் புதிய கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களோடு நாயையும் புதைத்தது அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. முந்தி வந்தது என்பதற்காகப் பாத்தியை நாய்க்கு எழுதிவைக்க வேண்டியதில்லை. அதன் பழைய குணத்துக்கு ஒரு குழி, பிந்திய குணத்துக்கு ஒரு துண்டுக் கிழங்கு, இன்னும் வாய்க்காத அறிவுக்கு நம் கையால் ஒரு வேலி. இந்த மூன்றையும் திட்டமிட்டுவிட்டுப் பாத்தி கட்டினால் புகாரில் பாதி எழவே எழாது. மீதிப் பாதியை நாய் வளர்ப்பதற்கான செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.