சோறிட்ட கையின் கடன்

ஈதல் எளிது, ஈந்தபின் வருவனவற்றை ஏற்பதே அரிது. பசித்துக் கிடக்கும் ஒரு நாயின்முன் ஒரு பிடி சோறு வைக்கப் பெருஞ்செல்வமும் வேண்டா, பெரும்புலமையும் வேண்டா. கண்டவுடன் எழும் இரக்கம் ஒன்றே போதும். ஆனால் அந்தச் சோற்றை உண்ட உயிர் மறுநாளும் அதே இடத்தில் வந்து நிற்கும். குட்டி ஈனும், இரவில் குரைக்கும், அஞ்சினால் கடிக்கவும் செய்யும். அவற்றுக்கெல்லாம் பொறுப்பேற்பவர் யார்? சோறிட்டவரா, தெருவா, நகராட்சியா? சில ஆண்டுகளாக இக்கேள்வியை விட்டு எங்களால் விலக முடியவில்லை.

நாங்கள் என்பது சென்னையின் தென்பகுதியில் ஒரு நடுத்தரத் தெருவைச் சேர்ந்த சிலர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தையற்கடை நடத்துபவர் ஒருவர், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், கல்லூரி மாணவியர் இருவர், இன்னும் ஓரிரு குடும்பத்தார். எங்கள் பணிக்குப் பெயர்ப் பலகை இல்லை. ரசீதுப் புத்தகமும் இல்லை. மாதத்தின் முதல் வாரத்தில் அவரவர் இயன்றதைத் தையற்கடையில் இருக்கும் ஒரு தகர டப்பாவில் இடுவோம். அந்தப் பணத்தில்தான் குருணை அரிசி வாங்கப்படுகிறது. கறிக்கடையில் மிஞ்சும் கோழிக்காலும் தலையும் விலையின்றியே கிடைக்கும். அவற்றைச் சிறிது மஞ்சள் சேர்த்து அரிசியோடு குழைய வேகவைத்து, இரவு பத்து மணிக்குத் தெருக்கோடியில் உள்ள காலி மனையின் மதிலோரம் வைக்கிறோம். உண்டு முடித்தபின் இடத்தைக் கழுவிவிட்டு வருகிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எங்கள் பணி இவ்வளவே. ஆனால் இது பாதிப் பணிகூட அன்று.

இந்நகரத்தின் பழங்கதையைச் சற்றே நினைவுகூர்தல் நலம். நூறாண்டுக்கும் மேலாகச் சென்னையில் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதே மாநகராட்சியின் வழக்கமாக இருந்தது. ஆயினும் நாய்கள் குறையவில்லை. வெறிநாய்க்கடி நோயும் ஒழியவில்லை. 1959ஆம் ஆண்டில் கேப்டன் வி. சுந்தரம் அவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே நாய்களை மீண்டும் விடவேண்டும் என்று 1960களிலிருந்தே வலியுறுத்தி வந்தது. அவ்வழியைச் சென்னை மாநகராட்சி 1996ஆம் ஆண்டில் ஏற்றது. பின்னர் 2001ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் 2023ஆம் ஆண்டில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. ஒரு நகரத்தின் சிலர் முப்பதாண்டுக் காலம் விடாது சொல்லிய சொல் நாட்டின் விதியாயிற்று.

கொன்றும் ஏன் குறையவில்லை? விடை அரிதன்று. ஒரு தெருவில் எத்தனை நாய் வாழலாம் என்பதை அங்குக் கிடைக்கும் உணவும் ஒதுங்கும் இடமுமே முடிவுசெய்கின்றன. இருந்தவற்றை அகற்றினால் இடம் வெறுமையாகும். அடுத்த தெருவிலிருந்து புதியவை வரும். எஞ்சியவை ஈன்று நிரப்பும். பெட்டை நாய் ஏறக்குறைய அறுபத்துமூன்று நாளில் குட்டி போடுகிறது. ஆண்டில் இருமுறைகூடச் சூல் கொள்ளக்கூடும். மாறாக, அறுவை முடிந்து தடுப்பூசியும் பெற்ற நாய் தன் எல்லையைக் காத்துக்கொண்டு அங்கேயே இருக்கும்; புதியவற்றை எளிதில் உள்ளே விடாது; தானும் பெருகாது. ஒரு பகுதியின் நாய்களுள் நூற்றுக்கு எழுபதேனும் தடுப்பூசி பெற்றிருந்தால் வெறிநாய்க்கடி நோய் பரவும் சங்கிலி அறும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே நாயைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒன்றோடொன்று மோதும் இரு கடமைகள் அல்ல. ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

இங்கேதான் சோற்றின் மற்றொரு பயன் விளங்குகிறது. நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், ஒரே கையிலிருந்து உண்ணும் நாயையே எளிதில் பிடிக்க முடியும். பட்டினியில் அலையும் நாய் வலையைக் கண்டவுடன் ஓடிவிடும். எனவே உணவும் அறுவையும் தனித்தனி அறங்கள் அல்ல. அறுவையில்லாத உணவு பெருக்கத்துக்கு வழி. உணவில்லாத அறுவையோ கைகூடாத எண்ணம்.

எனினும், அறுவைக்கு முந்தைய இரவு எங்களுள் எவருக்கும் எளிதானதன்று. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வயிறு வெறுமையாயிருத்தல் வேண்டும். ஆதலால் அன்றிரவு சோறு வைப்பதில்லை. வழக்கம்போல் பத்து மணிக்கு மதிலோரம் வந்து வாலாட்டி நிற்கும் நாய்களிடம் வெறுங்கையோடு செல்லவும் மனம் வாராது, செல்லாமலிருக்கவும் முடியாது. விடியற்காலையில் ஊர்தி வரும்போது ஆசிரியை அம்மா பெயர் சொல்லி அழைப்பார். அவர் குரலை நம்பி அருகில் வரும் நாயின்மேல் வலை விழும். அது அலறும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. "நம்மை நம்பித்தானே வந்தது? நாமும் பார்த்துக்கொண்டே நிற்கத்தான் வேண்டும்" என்பார். சில நாள் கழித்து, காதில் சிறு வெட்டு அடையாளத்தோடு அதே தெருவில் இறக்கிவிடப்படும் நாய் முதலில் யாரிடமும் வருவதில்லை. மதிலோரம் வைத்த சோற்றை நாங்கள் விலகிய பின்னரே உண்ணும். மீண்டும் அருகில் வர ஒரு வாரமாகும். சிலவற்றுக்கு ஒரு மாதமாகும். அன்பு செய்தவரே துன்பமும் செய்ய நேரும்போது அதற்கு விளக்கம் சொல்ல நாயின் மொழி நமக்குத் தெரியாது. காத்திருத்தல் ஒன்றே நாம் பேசக்கூடிய மொழி.

பூனைகளின் நிலை வேறு. அவை வலைக்குள் அகப்படுவன அல்ல. கூண்டுக்குள் சிறிது கருவாட்டை வைத்து, துணியால் மூடி, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெட்டைப் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சூல்கொள்ளத் தொடங்கிவிடும். குட்டிகள் பால் மறக்குமுன்பே தாய் அடுத்த சூலுக்கு ஆயத்தமாகும். கடுவன்கள் இரவெல்லாம் போரிட்டுக் கண்ணையும் காதையும் இழக்கும். எங்கள் தெருவில் பூனைகளுக்கான அறுவைச் செலவைத் தகர டப்பாவே தாங்குகிறது. ஆகையால் மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்றே நடக்கிறது. ஆமை நடைதான், ஆயினும் மீன்காரம்மாவின் கூடையைச் சுற்றி முன்பு மொய்த்த குட்டிகளின் கூட்டம் இப்போது இல்லை.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் பணியே நின்றுவிடும் நிலை வந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு பெட்டை நாய், நிறுத்தி வைத்திருந்த ஒரு பழைய காரின் அடியில் குட்டிகளை ஈன்றிருந்தது. பந்தெடுக்கக் குனிந்த ஏழு வயதுச் சிறுவனின் முன்கையைக் கடித்துவிட்டது. ஆட்டோ ஓட்டுநர் அவனைக் குழாயடிக்குத் தூக்கிச் சென்று, சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் புண்ணைக் கழுவினார். பின்னர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அன்றும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும் ஊசி போடப்பட்டது. பையன் நலமடைந்தான். இந்நோய் அறிகுறி காட்டிய பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஆனால் கடித்தவுடன் கழுவுதலும் காலந்தவறாத ஊசியும் உயிரைக் காக்கும். இதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அன்று மாலை தெருவே கூடியது. நஞ்சு வைத்துவிடலாம் என்றார் ஒருவர். சாக்கில் கட்டி வண்டலூருக்கு அப்பால் விட்டுவிடலாம் என்றார் மற்றொருவர். சோறு வைப்பதை நிறுத்தினால் எல்லாம் தாமே போய்விடும் என்றனர் பலர். சிறுவனின் தாய் எங்களை நோக்கி, "என் பிள்ளையைவிட உங்களுக்கு நாய் பெரிதாகிவிட்டதா டீச்சரம்மா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு முன்னால் சட்டம் பேசுவது அறமாகாது. நஞ்சு வைப்பது குற்றம் என்பதும், விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு முதலே இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் பிள்ளையின் கையில் கட்டைப் பார்த்தபடி நிற்கும் தாய்க்கு அது விடையன்று. ஆசிரியை அம்மா எழுந்து, "பிள்ளைதானம்மா பெரிது. உன் பிள்ளை பயமில்லாமல் விளையாட வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறோம். ஆறு மாதம் பொறுத்துப் பார்" என்றார்.

அந்த ஆறு மாதத்தில் தெருவின் நாய்கள் அனைத்தையும் நிறம், அடையாளம், அறுவை நாள், ஊசி நாள் என ஒரு குறிப்பேட்டில் பதிந்தோம். அதைத் தையற்கடையில் எவரும் பார்க்கும்படி வைத்தோம். குட்டிகள் பால் மறந்ததும் தாய் நாய்க்கு அறுவை முடிந்தது. குட்டிகளுள் இரண்டு வளர்ப்பவர் வீடு சேர்ந்தன. சிறுவனின் தாய் எங்களோடு சேரவில்லை. நாய்களை அவர் இன்றும் விரும்புவதில்லை. ஆனால் காதில் அடையாளமில்லாத புதிய நாய் ஒன்று தெருவுக்குள் வந்தால் முதலில் தொலைபேசியில் அழைப்பவர் அவரே. இதைவிடப் பெரிய துணை எங்களுக்கு வாய்த்ததில்லை. அன்பில்லாமலும் நீதி செய்யலாம் என்பதை அவரிடம் கற்றோம்.

2023ஆம் ஆண்டு விதிகள் உணவிடுவோருக்கு உரிமையோடு கடமையையும் வகுத்தன. விளையாடும் இடம், படிக்கட்டு, வீட்டு வாயில் ஆகியவற்றுக்கு அருகில் உணவிடலாகாது; குழந்தைகளும் முதியோரும் நடமாடும் வேளையைத் தவிர்த்தல் வேண்டும்; இடத்தைத் தூய்மையாக வைத்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 அன்று, தலைநகர்ப் பகுதியின் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டபோது எங்கள் தெருவிலும் பெரும் வாதம் எழுந்தது. அதே மாதம் 22ஆம் நாள் மூவர் அமர்வு அவ்வாணையைத் திருத்தியது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, அறுவையும் ஊசியும் பெற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடவும், உணவிடக் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்கவும் கூறியது. நவம்பர் 7 அன்றோ பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றுமாறும், அவற்றை அங்கேயே திரும்ப விடலாகாது என்றும் ஆணை வந்தது. தீர்ப்புகள் மாறலாம், வாதங்கள் தொடரலாம். எந்தத் தீர்ப்பு வந்தாலும், ஊசி போடப்படாத நாயும் அடையாளமில்லாத நாயும் எந்தத் தெருவில் எத்தனை என்று அறிந்த ஒருவர் அங்கே இருந்தே ஆகவேண்டும்.

இரக்கம் என்பது நெஞ்சில் தோன்றும் ஒரு கசிவு மட்டுமன்று. கணக்கு வைத்துக்கொள்ளும் ஓர் ஒழுக்கமுமாகும். கசிவு கண்ட கணத்தில் பிறக்கிறது. ஒழுக்கமோ நாள்தோறும் பிறப்பிக்கப்பட வேண்டியது. உங்கள் தெருவிலும் சோறு வைக்கும் கை ஒன்று நிச்சயம் இருக்கும். அதைத் தடுக்க வேண்டா. தனியே விடவும் வேண்டா. ஒருவர் அரிசி தரட்டும், ஒருவர் கூண்டு தூக்கட்டும், ஒருவர் குறிப்பேடு எழுதட்டும். நாயை விரும்பாதவர் காதடையாளத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவ்வாறு பலர் பகிர்ந்துகொள்ளும்போதுதான் ஒரு பிடி சோறு, தெருவில் வாழும் எல்லா உயிர்க்கும் காவலாகும்.